பியூஸ் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது? குழு வண்டியில் நாங்கள் கற்றுக்கொண்டது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் கணக்குப் பதிவேடு பற்றிப் பேசுவதாகத்தான் இருந்தது. ஆனால் போன கூட்டம் முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது இரண்டு குழுவினர் ஒரே புகாரோடு வந்தார்கள். "வண்டி திடீர் திடீர்னு நிக்குதுங்க. பியூஸ் போட்டா ஓடுது. பத்து நாள்ல மறுபடியும் போயிருது. மெக்கானிக்குக்குக் குடுத்தே சேமிப்பு கரையுது" என்றார்கள். இதே பாட்டை நாங்கள் இன்னொரு குழுவோடு சேர்ந்து ஆறு மாதம் பட்டிருக்கிறோம். அதனால் பதிவேடு அடுத்த மாதம். இன்றைக்கு வண்டி. அதிலும் பெட்ரோல் பம்ப்புக்குப் போகிற கரண்ட்.

"வண்டி ரிப்பேர் நமக்கு எதுக்குங்க, அது ஆம்பளைங்க வேலை" என்று பின் வரிசையில் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. அக்கா, கடன் நம்ம பேரில்தானே இருக்கிறது? தவணை நாம்தானே கட்டுகிறோம்? அப்படியானால் ரிப்பேரும் நமக்குத் தெரிய வேண்டியதுதான். ஸ்பேனர் பிடிக்க வேண்டாம். எங்கே கோளாறு என்று கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

அந்தக் குழு எது என்று பேர் சொல்லவில்லை. திண்டுக்கல் பக்கம். உறுப்பினர்களில் பலர் விவசாயி அடையாள அட்டை வைத்து உழவர் சந்தையில் காய் விற்கிறவர்கள். 2022-இல் குழுக் கடனில் ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஊரில் காய் ஏற்றி, ஆறு மணிக்குள் சந்தையில் இறக்க வேண்டும். ஓட்டுகிறவர் அவர்கள் குழுவிலேயே ஒரு சகோதரி. டிரைவிங் பயிற்சிக்குப் போய் லைசென்ஸ் எடுத்தவர். அந்த ஊரில் வேன் ஓட்டுகிற முதல் பெண் அவர்தான்.

2024 ஜனவரியில் ஆரம்பித்தது. வண்டி பாதி வழியில் ஆஃப் ஆகும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. பியூஸ் பாக்ஸைத் திறந்தால் பெட்ரோல் பம்ப் பியூஸ் போயிருக்கும். புதுசு போட்டால் ஓடும். முதல் மெக்கானிக் பம்ப் மாற்றினார், 5,500 ரூபாய். ஒரு வாரம் நன்றாக ஓடி மறுபடியும் நின்றது. இரண்டாவது மெக்கானிக் "டூப்ளிகேட் பம்ப் போட்டுட்டாங்க" என்று சொல்லி இன்னொரு பம்ப் போட்டார், 6,200. அதுவும் நின்றது. மூன்றாவதாகப் பார்த்தவர் "எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம்" என்றார். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுள்ளது என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் கெட்டுப்போனால் இன்ஜின் திக்கும், முக்கும். பியூஸ் எதற்குப் போகிறது? அந்தக் கேள்வியை அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இடையில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. "அமாவாசையானா வண்டி நிக்குது, திருஷ்டி" என்றார்கள். எலுமிச்சம்பழம் கட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். சிரிக்காதீர்கள். அமாவாசைக்கு நிற்கிறது என்று கவனித்தது தப்பே இல்லை, அது ரொம்பச் சரியான கவனிப்பு என்று பிறகு தெரிந்தது.

நாலாவது மாதம் பேச்சு மாறியது. "அவளுக்கு ஓட்டத் தெரியல, பள்ளத்துல போட்டு வண்டியக் கெடுக்குறா" என்று ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது கிலோ கீரையும் கொத்தமல்லியும் வெயிலில் வதங்கிப் போனது. அந்த வாரக் கூட்டத்தில் ஓட்டுநரை மாற்றுவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதத் தயாரானார்கள். நாங்களும் அங்கே உட்கார்ந்திருந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நாங்களும் தலையாட்டினோம்.

அந்தச் சகோதரி எதுவும் பேசவில்லை. சுருக்குப்பையைத் திறந்து ஒரு பழைய மாத்திரை டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே ஒன்பது எரிந்த பியூஸ். ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு துண்டுச் சீட்டு கட்டித் தேதி எழுதியிருந்தார். "நான் கெடுத்தேனா இல்லையான்னு இதை யாராவது தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் தீர்மானம் போடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு டவுனில் வண்டி வயரிங் மட்டும் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனோம். நாற்பது வருஷமாக அதே வேலை. அவர் வண்டியைப் பார்க்கவில்லை, முதலில் பியூஸைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒன்பதும் உள்ளே கருப்பா தெறிச்சிருக்கும்மா. மோட்டார் கொஞ்சம் அதிகமா இழுத்துப் போன பியூஸ் பெரும்பாலும் நடுவுல மெதுவா உருகி அறுந்திருக்கும். இது பட்டுனு அடிச்சிருக்கு. வயர் எங்கேயோ பாடியில தொடுது. பம்ப் மேல குத்தம் இல்லை" என்றார். 11,700 ரூபாய் பம்ப்புக்குக் கொடுத்த பிறகு கேட்ட வார்த்தை இது!

இனி அந்தப் பெரியவர் எங்களுக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இப்போதுள்ள பெட்ரோல் வண்டிகளில் பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கும். சின்ன மோட்டார்தான். சாவியை ஆன் செய்து, செல்ஃப் அடிக்காமல் காதைக் கொடுத்தால் இரண்டு மூன்று வினாடி "ம்ம்ம்" என்று சத்தம் கேட்டு நிற்கும். அதுதான் பம்ப் பெட்ரோலைக் குழாயில் அழுத்தி ஏற்றுகிற சத்தம். இந்தச் சத்தத்தை உங்கள் காது பழகி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி நன்றாக இருக்கும்போதே பழக வேண்டும்.

பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்பி பியூஸ், ரிலே, கப்ளர் என்று கடந்து பம்ப்புக்குப் போகிறது. அங்கே வேலை செய்துவிட்டு எர்த் வயர் வழியாக வண்டியின் பாடிக்கு வந்து, பாடி வழியாகப் பேட்டரிக்கே திரும்புகிறது. நம்ம சுழல் நிதி மாதிரி. கடனாகப் போன பணம் திரும்பி வந்தால்தான் அடுத்தவருக்குப் போகும். திரும்பும் வழி அடைத்தால் போகும் வழி எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நிறைய மெக்கானிக்குகள் போகிற வழியை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

ரிலே என்பது ஒரு சுவிட்ச். வண்டியின் கம்ப்யூட்டர் சின்னக் கரண்ட்டில் உத்தரவு கொடுக்கும், ரிலே பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும். இன்ஜின் சுற்றுவது நின்றால் கம்ப்யூட்டர் பம்ப்பையும் நிறுத்திவிடும். விபத்தில் குழாய் உடைந்தால் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. "ரிலே தொல்லையே வேணாம், டைரக்ட்டா ஒரு சுவிட்ச் வச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தக் குழுவுக்கும் ஒருத்தர் அப்படிச் சொன்னார். நல்ல வேளை, பணம் இல்லாததால் செய்யவில்லை.

முக்கியமானது பியூஸ். அது வண்டியின் எதிரி இல்லை, காவல்காரன். பியூஸுக்கு நிறம் உண்டு. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை போட்டால் அடிக்கடி போகாதுதான். ஆனால் அப்போது எரியப் போவது வயர். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். அந்த வயர் போவது பெட்ரோல் டேங்குக்கு. இன்னும் சிலர் செம்புக் கம்பியைச் சுற்றிச் செருகுகிறார்கள், சிகரெட் பெட்டிக் காகிதத்தை மடித்து வைக்கிறார்கள். சகோதரிகளே, காய்கறி போனால் போகட்டும், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பெரியவர் சொன்ன முதல் கேள்வி இதுதான்: வண்டி நின்றபோது பியூஸ் போயிருந்ததா, நல்லா இருந்ததா? போயிருந்தால், கரண்ட் அளவுக்கு மீறி ஓடியிருக்கிறது. வயர் பாடியில் தொட்டிருக்கும், அல்லது பம்ப் இறுகிப்போய் அதிகமாக இழுத்திருக்கும். பியூஸ் நல்லா இருந்தும் பம்ப் சத்தம் இல்லையென்றால், கரண்ட் வழியில் எங்கோ அறுந்து நிற்கிறது. ரிலே, லூஸ் கப்ளர், துருப்பிடித்த எர்த், இவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டும் எதிரெதிரான நோய். ஒரே மருந்து கொடுக்கக் கூடாது.

அப்புறம் சீட்டில் இருந்த தேதிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்பதில் ஏழு ஞாயிறும் அமாவாசையும். அந்த நாட்களில் என்ன விசேஷம்? சந்தையில் கூட்டம் அதிகம். அமாவாசைக்கு முந்தின நாள் பூசணி, வாழைக்காய் என்று கனமான காய்தான் போகும். அதாவது லோடு! லோடு ஏறினால் பின்பக்கம் பட்டை அமுங்கி வண்டி தாழ்கிறது, அப்போது பள்ளத்தில் இறங்கினால் பியூஸ் போகிறது. அமாவாசை விஷயம் இப்படித்தான் விளங்கியது.

"அப்ப லோடு ஏத்திக் காட்டுங்க" என்றார் பெரியவர். காய்க்கு எங்கே போவது? ஊக்குநர், பிரதிநிதிகள், நாங்கள் என்று எட்டுப் பேர் வேனில் ஏறினோம்.

அதற்கு முன்னால் அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். டேங்கிலோ குழாயிலோ ஒழுகல் இருக்கிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றது. வண்டியைக் காற்றோட்டமான இடத்தில் தள்ளி நிறுத்தச் சொன்னார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மூடிய கொட்டகையில் தரையோடு தேங்கி நிற்கும். பிறகு பம்ப்பின் கப்ளரைக் கழற்றிவிட்டார். பியூஸைப் பிடுங்கி, அந்த இடத்தில் இரண்டு வயர் வைத்து ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினார். ரிலேயைக் கழற்றி, கரண்ட் வரும் துளையையும் போகும் துளையையும் ஒரு வயரால் இணைத்தார். ரிலேயின் அடியில் 30, 87 என்று போட்டிருக்கும் இரண்டும் அவைதான். சாவி ஆன்.

பம்ப் கழன்றிருப்பதால் கரண்ட் போக இடமில்லை, பல்பு எரியக் கூடாது. எரிந்தால் வயர் எங்கோ பாடியில் தொடுகிறது என்று அர்த்தம். பியூஸ் என்றால் தொட்டவுடன் போய்விடும், தேட நேரம் கிடைக்காது. பல்பு எரிந்துகொண்டே இருக்கும், கரண்ட்டையும் ஓர் அளவுக்கு மேல் விடாது. இருநூறு ரூபாய் பல்பில் இப்படி ஒரு வித்தை.

சும்மா நின்றபோது பல்பு எரியவில்லை. எட்டுப் பேர் ஏறினோம், எரியவில்லை. "குதிங்கம்மா" என்றார். முதலில் வெட்கம். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு குதி குதித்தோம். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. இன்னொரு குதி, இன்னொரு பளிச். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஓட்டுநர் சகோதரி கீழே நின்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை நாங்கள் பார்த்தோம்.

அடியில் படுத்து ஒவ்வொரு இடமாக வயரை அசைத்துப் பார்த்ததில் டேங்குக்கு மேலே ஒரு இரும்புத் தகட்டின் ஓரத்தில் மாட்டியது. வயரைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் அங்கே இல்லை, கிளிப்பின் ஓட்டை மட்டும் இருந்தது. எப்போதோ டேங்கை இறக்கி ஏற்றியபோது யாரோ திருப்பி மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். வயர் தொங்கி, தகட்டில் உரசி உரசி, மேல்தோல் தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. அரிசி அளவுதான் இருக்கும். அந்த அரிசி அளவு தேய்மானம் ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, தேய்ந்த துண்டை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புது வயர் வைத்துச் சால்டர் செய்தார். அதையும் டேங்கின் பக்கத்தில் செய்யவில்லை, வயரை வெளியே இழுத்து வந்து செய்தார். மேலே ஸ்லீவ் போட்டு, புதுக் கிளிப்பில் மாட்டினார். வெறும் டேப் சுற்றிவிட்டால் சூட்டில் பசை இளகி மறுபடியும் அவிழும் என்றார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். மூன்று வாரம் கழித்து மறுபடியும் போன் வந்தது. மத்தியான வெயிலில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால் இந்த முறை அந்தச் சகோதரி போனிலேயே, "பியூஸ் நல்லாத்தான் இருக்குங்க, பம்ப் சத்தம் மட்டும் ஈனசுரத்துல கேக்குது. இது வேற நோய்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த ஆறு மாதம் பட்டது வீண் இல்லை என்று எங்களுக்குத் தோன்றியது.

பெரியவர் மல்டிமீட்டரை எடுத்தார். பம்ப்பை ஓடவிட்டுப் பேட்டரியில் பார்த்தால் 12.4 வோல்ட். பம்ப் கப்ளரின் பின்பக்கத்தில் பார்த்தால் 9.6 தான். மீதி 2.8 வழியில் தொலைகிறது. எங்கே? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பம்ப் வரை 0.6, பம்ப் எர்த்திலிருந்து பேட்டரி மைனஸ் வரை 2.2. அரை வோல்ட்டுக்கு மேல் ஒரு பக்கத்தில் தொலையவே கூடாதாம். எர்த் போல்ட்டைக் கழற்றினால் பச்சைக் களிம்பும் துருவும். மழைத் தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் வழிந்து அங்கேதான் தேங்கியிருக்கிறது. உப்புத்தாள் போட்டு வெளுக்கத் தேய்த்து, புது முனை வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். பழைய ரிலேயையும் மாற்றினார். இப்போது பம்ப்பில் 11.8.

இரண்டு முறையும் சேர்த்து ஆன செலவு, கூலியோடு 1,450 ரூபாய்.

ஸ்கேனர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டவுனில் ஸ்கேனர் போட்டால் பி0230 என்று ஒரு கோடு காட்டியிருந்தது. "பம்ப்னு காட்டுது பாருங்க" என்று சொல்லித்தான் இரண்டாவது பம்ப்பை மாற்றினார்கள். ஆனால் அந்தக் கோடு சொல்வது பம்ப்புக்குப் போகிற மின்சுற்றில் கோளாறு என்றுதான். பம்ப் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. ஸ்கேனர் வழி காட்டும், தீர்ப்புச் சொல்லாது. கோடு என்ன என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "அந்த இடத்தில் வோல்ட் பார்த்தீங்களா? எர்த் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

அடுத்தது நம்ம பக்கத் தப்பு. குழுவில் பணம் பார்த்துப் பார்த்துக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் தினமும் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். இன்றைய விலையில் அது இரண்டு லிட்டர்கூட இல்லை. டேங்குக்குள் இருக்கிற பம்ப்பைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் மோட்டார் சூடேறி ஆயுள் குறையும், அடியில் உள்ள கசடும் உறிஞ்சப்படும். இப்போது கால் டேங்குக்குக் கீழே இறக்குவதில்லை என்று தீர்மானத்தைத் திருத்திவிட்டார்கள். ஓட்டுநரை மாற்றுகிற தீர்மானம் எழுதப்படவே இல்லை. அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது, கீழே வெற்று இடம்.

அந்தக் குழுவில் இப்போது ஒரு வண்டி நோட்டு இருக்கிறது. வண்டி நின்றால் தேதி, நேரம், எத்தனை கிலோ லோடு, மழையா வெயிலா, மீட்டரில் பெட்ரோல் எவ்வளவு, சாவி போட்டதும் பம்ப் சத்தம் கேட்டதா, பியூஸ் எப்படி இருந்தது, யார் என்ன மாற்றினார், எவ்வளவு செலவு, எல்லாம் அதில் வரும். நமக்கு நோட்டு எழுதுவது புதுசு இல்லை. சந்தா, சேமிப்பு, வட்டி என்று பைசா விடாமல் எழுதுகிற கை நம்ம கை. மாற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வந்துவிடுகிறார்கள். எரிந்த பியூஸும் டப்பாவில் சேர்கிறது. இந்த ஒரு வருஷத்தில் சேர்ந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஹாரன் பியூஸ்.

வண்டியில் ஒரு பவுடர் தீயணைப்பான் வாங்கி வைத்திருக்கிறார்கள், மற்ற குழுக்களும் வைக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மிதந்து பரவும். ஓடும்போது பெட்ரோல் வாடையோ வயர் கருகிய வாடையோ வந்தால் ஓரமாக நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து, எல்லாரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். பியூஸ் தேடுவதெல்லாம் அப்புறம்.

கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். வண்டி வைத்திருக்கும் குழுக்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். அந்த ஓட்டுநர் சகோதரி இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். டீ குடித்துவிட்டு வெளியே வேனுக்குப் பக்கத்தில் வந்தால், சாவி போட்டுப் பம்ப் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் கேட்கவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை டப்பாவும் கொண்டுவந்திருக்கிறார். கை மாற்றிப் பாருங்கள், சீட்டு அவிழ்ந்துவிடாமல்.